வலுயேவ் பற்றி பாதிக் கதைதான் வந்திருக்கு

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயிறு உங்க பேப்பர்ல 'பதவியிலிருந்து எழுதியவர்கள்'னு வந்த கட்டுரைய படிச்சேன், ஜார் காலத்து ரஷ்யாவுல உள்துறை மந்திரியா இருந்த பியோத்தர் வலுயேவ (1815–1890) நாவல் எழுதின நாகரிகமான மனுஷன்னு ரொம்ப பாராட்டி முடிச்சிருக்காங்க, ஆனா அவர் 1863 ஜூலைல போட்ட சுற்றறிக்கைய பத்தி ஒரு வரி கூட இல்ல. உக்ரைன் மொழில சமயப் புத்தகம், பாடப் புத்தகம், சாதாரண ஜனங்க படிக்கிற புத்தகம் எதையும் அச்சடிக்கக் கூடாதுன்னு சென்சார் ஆபீசுக்கு உத்தரவு போட்டவர் இவர்தான், கதை கவிதைக்கு மட்டும் தடை இல்ல. கல்வி மந்திரி கலவ்னின் எதிர்ப்பு சொல்லியும் கேக்கல. ஏழைப் புள்ள தாய்மொழில எழுத்து பழகற வழிய அடைச்ச ஒருத்தர, 1882ல 'லோரின்'னு நாவல் எழுதினார்ங்கறதுக்காக மட்டும் எப்படி கொண்டாட முடியும்?

நான் பள்ளிக்கூடத்துல வரலாறு நடத்தறேன், 1861ல பண்ணையடிமை முறைய ஒழிச்சத பசங்க டக்குன்னு சொல்லிடுவாங்க, ரெண்டே வருஷத்துல இப்படி ஒரு தடை வந்தத சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. அவர் நல்லது எதுவும் செய்யலன்னு நான் சொல்ல வரல, 1864ல வந்த உள்ளாட்சி மன்றச் சட்டத்துல அவருக்குப் பெரிய பங்கு இருக்கு, அவரோட டைரி இன்னிக்கும் ஆராய்ச்சிக்காரங்களுக்கு முக்கியமான ஆதாரம். அதனால அடுத்த வாரமே அந்த சுற்றறிக்கையோட தமிழாக்கத்தையும் டைரில இருந்து சில பக்கங்களையும் சேர்த்து ஒரு தொடர்ச்சிக் கட்டுரை போடுங்க.