குளிரூட்டும் வானியல் கேமராவில் கோளாறு: மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த நவம்பரில் உங்களிடம் 85,000 ரூபாய்க்கு ஒரு குளிரூட்டும் வானியல் கேமரா வாங்கினேன். சென்சாரைக் குளிர்விக்கும் அதன் குளிரூட்டி இருபது நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் "கேமராவில் குறையில்லை, நீங்கள் ஸ்டாக்கிங் (பல படங்களை ஒன்றாக அடுக்குவது) செய்ததில்தான் தவறு" என்று ஒரே வரியில் எழுதிப் புகாரை முடித்துவிட்டீர்கள். அது சரியில்லை என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

அல்சூர் மொட்டை மாடியிலிருந்து ஓரியன் விண்மீன் கூட்டத்தின் மூன்று நட்சத்திரங்கள் தெரிவதே பெரிய விஷயம். அதனால் ஜனவரி அமாவாசையன்று ஓசூர் தாண்டி தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய், அதே ஓரியனில் இருக்கும் குதிரைத்தலை நெபுலாவை (தூசியும் வாயுவும் சேர்ந்த மேகம்) 120 விநாடி வீதம் 90 படம் எடுத்தேன். மூன்று மணி நேர உழைப்பு. 90 படங்களைச் சேர்த்தால் படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ஆனால் படங்களை அடுக்கும் டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் போட்டபோது கிடைத்த படத்தில் நட்சத்திரங்களெல்லாம் கோடுகோடாக இழுத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவே சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சில புள்ளிகள் மட்டும் ஊசியால் குத்தியதுபோலத் தெளிவாக இருந்தன. குதிரைத்தலையைக் காணவே இல்லை.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. வானத்தின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் மவுண்ட்டை அதை நோக்கிச் சரியாகத் திருப்பவில்லையோ என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே பெரிதாக்கிப் பார்த்தால் நட்சத்திரங்கள் உருண்டையாகத்தான் இருக்கின்றன. அப்புறம், மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் எத்தனை நட்சத்திரம் கண்டது என்று பார்த்தேன். முதல் சில படங்களில் 140 அளவில் இருந்த எண்ணிக்கை கடைசிப் படங்களில் 900-ஐத் தாண்டியிருந்தது. வானத்தில் நட்சத்திரம் கூடவில்லை. சென்சார் சூடேறி, வெளிச்சமே படாமல் ஒளிரும் ஹாட் பிக்சல்கள் பெருகி, அவற்றையே மென்பொருள் நட்சத்திரமாக எடுத்துக்கொண்டது. ஹாட் பிக்சல் இருந்த இடத்தை விட்டு நகராது. அதை வைத்துப் படங்களை அடுக்கினால் அது புள்ளியாகவே நிற்கும், படத்துக்குப் படம் மெல்ல நகரும் நிஜ நட்சத்திரங்கள் கோடாகிவிடும். நட்சத்திரத்தைக் கண்டறியும் வரம்பை உயர்த்தியும் பார்த்தேன். மங்கலான நிஜ நட்சத்திரங்கள்தான் விட்டுப்போயின.

இந்தப் புள்ளிகளைக் கழிக்கத்தானே மூடியைப் போட்டு டார்க் படங்கள் எடுக்கிறோம் என்று கேட்பீர்கள். எடுத்தேன், அதே 120 விநாடி, அதே கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு). ஆனால் வெப்பநிலையும் ஒன்றாக இருந்தால்தான் டார்க் பொருந்தும். கேமரா சேமிக்கும் ஒவ்வொரு ஃபிட்ஸ் படக் கோப்பின் தலைப்பிலும் நான் வைத்த வெப்பநிலையும் சென்சாரின் உண்மையான வெப்பநிலையும் பதிவாகியிருக்கின்றன. வைத்தது மைனஸ் 10. முதல் எட்டுப் படங்களில் மைனஸ் 10 இருக்கிறது. பிறகு ஏறிக்கொண்டே போய், கடைசிப் படத்தில் பிளஸ் 4. சுமார் 6 டிகிரிக்கு ஒருமுறை டார்க் கரன்ட் (வெளிச்சம் இல்லாமலே சென்சாரில் உண்டாகும் மின்னோட்டம்) இரட்டிப்பாகும் என்பது உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரிந்ததுதான். அன்று இரவு வெளியே 14 டிகிரி. சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி குறைக்கும் என்று உங்கள் விளம்பரம் சொல்கிறது. நான் கேட்டது 24 மட்டுமே.

பேட்டரியில் குறையோ என்று வீட்டில் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரில் மாட்டிச் சோதித்தேன். கேமராவின் பின்பக்க விசிறிக்கு எதிரே ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் நன்றாகப் படபடத்தது. பதினாறாவது நிமிடம் விசிறி கரகரவென்று சத்தம் போட்டது, காகிதம் ஆட்டம் குறைந்து நேராகத் தொங்கிவிட்டது. கேமராவின் பின்பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. குளிரூட்டியின் பவர் 100 சதவீதம் காட்டுகிறது, சென்சார் சூடேறுகிறது. பின்னால் வெளியேற வேண்டிய வெப்பம் வெளியேறாமல் திரும்பி உள்ளே போகிறது. ஸ்டாக்கிங் செட்டிங்கை எப்படி மாற்றினாலும் நின்றுபோன விசிறி சுழலாது.

விசிறி நிற்கும் வீடியோ, 90 மூலக் கோப்புகள், பில் ஆகியவற்றின் இணைப்பை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். முந்தைய மூன்று புகார்களிலும் இந்தக் கோப்புகளை இணைத்திருந்தேன். ஒரு கோப்பையாவது யாராவது திறந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மூன்று வருடம் சேமித்து வாங்கிய கேமரா இது.

இரண்டு வருட வாரண்டி இன்னும் இருக்கிறது. கேமராவை மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். விசிறியை மட்டும் மாற்றித் தருவதானால், மைனஸ் 10-ல் மூன்று மணி நேரம் ஓடியதற்கான பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். கூரியர் செலவு உங்களுடையது. 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன் பிறகு நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்.

கேமராவைப் பழைய பெட்டியிலேயே வைத்துக் கட்டி வைத்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் எந்த நாளும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.