பவர் கைட் சின்னப் பராகிளைடர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டத்தோடு வானில் ஏறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி உறுத்துகிறது. பராகிளைடர் (ஆளைச் சுமந்து சறுக்கிப் பறக்கும் துணிச் சிறகு) வாங்க வசதியில்லாதவர்கள் 10 சதுர மீற்றர் பவர் கைட் (ஆளை இழுக்கும் பெரிய துணிப் பட்டம்) ஒன்றோடு நல்ல காற்றுள்ள கடற்கரையில் நின்றாலே போதும், பறக்கலாம் என்கிறது அது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் ஏறப்போகும் நேரத்தில் யாரும் அதை நம்பி மணலில் இறங்கிவிடக் கூடாது.

பட்டம் மேலே நிற்க காற்று வேண்டும், கீழே கயிற்றைப் பிடித்து நிற்க ஆளும் வேண்டும். கயிறறுந்த பட்டம் என்ன ஆகும் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். பவர் கைட்டுக்கும் அதே விதிதான். பிடித்திருப்பவரின் கால் நிலத்தை விட்டதும் அவர் ஓட்டுபவர் அல்ல, கயிற்றின் நுனியில் தொங்கும் எடை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். கட்டுரை சொல்லும் அதே 10 சதுர மீற்றர் கைட், அசையாமல் நிற்கும்போது, மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில் ஏறத்தாழ 15 கிலோ இழுக்கும். 36 கிலோமீற்றரில் 60 கிலோ. 50 கிலோமீற்றரில் 116 கிலோ. மழைமேகத்துக்கு முன்னால் ஓடிவரும் காற்று 36இலிருந்து 50க்குப் போக சில விநாடிகள் போதும். 65 கிலோ ஆள் அந்த விநாடிகளுக்குள்தான் தரையைவிட்டுக் கிளம்புகிறார். இது சும்மா நிற்கும் கைட்டின் கணக்கு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி ஓட்டினால் அது தன் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளும். துணிமேல் படும் காற்று 72 கிலோமீற்றராகும்போது இழுவை 240 கிலோவை எட்டிவிடும்.

தூக்குவதற்கு முன் அது இழுக்கும். கயிறு 45 பாகைச் சாய்வில் 60 கிலோ இழுத்தால், அதில் 42 கிலோ மேல்நோக்கிப் போகிறது. 65 கிலோ ஆளின் காலில் மிஞ்சுவது 23 கிலோ. அந்த 23 கிலோவை வைத்துக்கொண்டு 42 கிலோ கிடையிழுவையை மணலில் எதிர்த்து நிற்க முடியாது. ஆகவே முதலில் வயிறு தேய இழுபடுவார். வேலிக்கம்பியும் வள்ளமும் கல்லணையும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று காற்று பார்ப்பதில்லை.

மேலே போனபின் நடப்பதைத்தான் கட்டுரையாளர் யோசிக்கவில்லை. தொங்குபவர் காற்றோடு நகரத் தொடங்குகிறார். 40 கிலோமீற்றர் காற்றில் 25 கிலோமீற்றர் வேகத்தில் நகர்ந்தால் கைட்டுக்குக் கிடைப்பது 15 கிலோமீற்றர் காற்று மட்டுமே. இழுவை ஏழில் ஒரு பங்காகிவிடும். 20, 24 மீற்றர் நீளக் கயிறுகள் தளரும், கைட் தலைக்கு முன்னால் பாய்ந்து மடியும், ஆள் ஊஞ்சல்போல் ஆடி விழுவார். 2 மீற்றரிலிருந்து விழுந்தால் மணிக்கு 22 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தில் மோதுவார். 9 மீற்றரிலிருந்து என்றால் 48. ஈரமணல் அந்த வேகத்தில் சீமெந்துத் தரைதான்.

பராகிளைடரில் இதே நிலைமை ஏன் வருவதில்லை? அதன் பரப்பு பெரும்பாலும் 22 முதல் 28 சதுர மீற்றர். ஆள் சிறகிலிருந்து ஏழெட்டு மீற்றரில் தொங்குகிறார், சிறகு ஆடினால் உடனே கைக்குத் தெரியும். யாரும் பிடிக்காமல் சறுக்கிப் பறப்பதற்கென்றே அது வெட்டித் தைக்கப்பட்டது. அதிகபட்ச எடையின் 8 மடங்கைத் தாங்குகிறதா என்று சுமையேற்றிப் பார்த்த பிறகே ஐரோப்பியத் தரச்சான்று கிடைக்கும். பவர் கைட்டுக்கும் ஒரு சர்வதேசத் தரவிதி உண்டு, ஐஎஸ்ஓ 21853. அது சோதிப்பது எதை என்று பாருங்கள்: ஆளைக் கைட்டிலிருந்து கழற்றிவிடும் அமைப்பை!

கற்பிட்டியில் கைட் சர்ஃபிங் (கைட் இழுக்கப் பலகையில் நீர்மேல் சறுக்குவது) செய்பவர்கள் பாய்வதில்லையா என்று கேட்கலாம். பாய்கிறார்கள், பத்து மீற்றரும் பாய்கிறார்கள். பலகையின் ஓரத்தால் தண்ணீரை வெட்டிக் கயிற்றை இறுக்கி எழும்பி, இறங்கும்போது கைட்டை முன்னால் பாய்ச்சி மெதுவாக்குகிறார்கள். கீழே தண்ணீர், காற்றுத் திசையில் நூறு மீற்றருக்கு மேல் வெறும் நீர்ப்பரப்பு. அப்படியிருந்தும் எலும்பு முறிகிறது.

மனிதனைப் பட்டத்தால் தூக்கியவர்கள் வரலாற்றில் உண்டு. 1894 நவம்பர் 12 அன்று அவுஸ்திரேலியாவின் ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் லாரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்து 16 அடி உயர்ந்தார். கயிற்றின் மறுநுனி மணல்மூட்டைகளில் கட்டப்பட்டிருந்தது. பின்னர் பிரித்தானிய இராணுவத்துக்காக சாமுவேல் கோடி செய்த ஏற்பாட்டில் நிலத்தில் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் பொறி), அதிலிருந்து உருக்குக் கம்பி, கம்பியில் வரிசையாகப் பல பட்டங்கள். ஒன்று மடிந்தாலும் மற்றவை தாங்கும். ஒற்றைப் பட்டத்தை நம்பி, நங்கூரம் இல்லாமல் ஏறுவதை அவர்கள் பறத்தல் என்று எண்ணவில்லை.

நம் ஊர்ப் பெரிய பட்டங்களில் ஆபத்து இன்னும் நேரடியானது. பவர் கைட்டில் கைப்பிடித் தண்டைத் தள்ளினால் காற்றுக்கு எதிரே துணியின் சாய்வு குறைந்து இழுவை தணியும். நம் பட்டத்தின் முச்சையோ (பட்டத்தைக் கயிற்றோடு இணைக்கும் கட்டு) கட்டினது கட்டினதுதான், மேலே போனபின் மாற்ற வழியில்லை. ஆறு பேர் பிடித்தால் கயிற்றில் 390 கிலோ நங்கூரம். ஐந்து பேர் விட்ட கணத்தில் அது 65 கிலோ. 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் ஓர் இளைஞர் முப்பது, நாற்பது அடி உயரத்துக்குத் தூக்கப்பட்ட காட்சியை உலகமே பார்த்தது. அவர் உயிர் தப்பியதைப் பலர் சாகசமாகப் பகிர்ந்தார்கள். கைகள் சோர்ந்திருந்தால் கதை வேறு.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பெரிய பட்டத்தின் கயிற்றை ஏற்றுவதற்கு முன்பே ஆழ நட்ட கட்டையில் இரண்டு, மூன்று சுற்றுச் சுற்றுங்கள். ஆட்கள் கட்டைக்குப் பின்னால் நின்று இளக்கட்டும், முன்னால் யாரும் பிடிக்க வேண்டாம். இடுப்பிலோ மோட்டார்சைக்கிளிலோ கட்டாதீர்கள், விரலில் சுற்றாதீர்கள், தரையில் சுருண்டு கிடக்கும் கயிற்றுக்குள் கால் வைக்காதீர்கள். ஒருவர் மட்டும் கட்டளை சொல்லட்டும், ‘விடு’ என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் விட வேண்டும். குதிக்கால் எழும்பினாலே விட்டுவிடுங்கள். இன்னும் ஒரு விநாடி பிடித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும், அந்த விநாடியில்தான் விடக்கூடிய உயரம் கடந்துபோகிறது.

பவர் கைட் வைத்திருப்பவர்கள், பயந்தவுடன் கை தானாகத் தண்டைத் தன் பக்கம் இழுக்கும், அது இழுவையைக் கூட்டும் என்பதை நினைவில் வையுங்கள். தண்டை விட வேண்டும். கைட்டைக் கழற்றிவிடும் சிவப்பு விடுவிப்புப் பிடியை ஒவ்வொரு நாளும் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை தள்ளிப் பாருங்கள், மணல் புகுந்தால் இறுகிவிடும். கால் நிலத்தில் இருக்கும்வரைதான் அந்தப் பிடி உங்களைக் காப்பாற்றும். ஐந்து மீற்றர் உயரத்தில் அதைத் தள்ளினால் ஐந்து மீற்றரிலிருந்து விழுவீர்கள். அங்கே எஞ்சியிருப்பது கைட்டைத் தலைக்கு நேர்மேலே நிறுத்திக்கொண்டு இறங்க முயல்வது மட்டுமே. திடீர் திடீரென்று வீசும் காற்றில், கரையில் நிற்கும்போது கைட்டைத் தலைக்கு மேல் வைத்திருப்பதே பிழை. கடல் பக்கமாகத் தாழ்வாக வைத்தால் வீச்சு வந்தாலும் பக்கவாட்டில்தான் இழுக்கும்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டம் கட்டும் வாசகர்கள்,
வடமராட்சி.