டால்க் மில் தூசுக்கு ஒரு வழி பண்ணுங்க – கோரிக்கை மனு

பெறுநர்: தொழிலக பாதுகாப்பு அதிகாரி அவர்கள்

பொருள்: டால்க் குவாரி, அரவை மில்லுல தூசு கட்டுப்பாடு, ஆஸ்பெஸ்டாஸ் டெஸ்ட் கேட்டு

ஐயா, வணக்கம்.

நாங்க முகத்துக்குப் போடுற பவுடர்ல சேர்க்குற டால்க் கல்லு வெட்டுற குவாரியிலயும் அதை அரைக்கிற மில்லுலயும் வேலை பாக்குறவங்க. நகத்தால கீறினாலே பொடியாகுற கல்லுதான், அதனாலயே இதுல என்ன ஆபத்து இருக்கப்போகுதுன்னு எல்லாரும் நினைச்சுடறாங்க, ஆனா கிரஷர்ல உடைஞ்சு ரோலர் மில்லுல அரைபட்டு வர்ற பவுடர் சில மைக்ரான் சைஸ்தான், அது மூக்குல நிக்காம நுரையீரல் அடி வரைக்கும் போயிடுது. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் தழும்பாகி டால்கோசிஸ்ங்கிற நுரையீரல் நோய் வரும், போன மூச்சுத்திறன் திரும்ப வராதுங்க.

மூட்டை பிடிக்கிற இடம்தான் ரொம்ப மோசம். பையை மாட்டி பவுடரை விட்டதும் உள்ள இருந்த காத்து பவுடரோட சேர்ந்து முகத்துலயே அடிக்குது, கழட்டும்போது இன்னொரு தடவை. ஷிஃப்ட் முடிஞ்சதும் தரையை காஞ்ச துடைப்பத்தால பெருக்கச் சொல்றாங்க, மெஷினை கம்ப்ரஸர் காத்தால ஊதறாங்க, படிஞ்ச தூசெல்லாம் மறுபடி எழும்புது. கர்ச்சீப் கட்டினா இந்த தூசு நிக்காதுங்க. அதே துணியோட வீட்டுக்குப் போய் புள்ளைங்களை தூக்குறோம்.

இன்னொரு பெரிய பயம், சில டால்க் படிவத்துல ட்ரெமோலைட், ஆந்தோஃபிலைட் மாதிரி, மெல்லிசா நார் நாரா பிரியற ஆஸ்பெஸ்டாஸ் வகை தாதுவும் கலந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த டால்க் புற்றுநோய் உண்டாக்கும்னு எப்பவோ உறுதியாயிடுச்சு, 2024-ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சாதா டால்க்கையும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்ங்கிற 2ஏ பிரிவுல சேர்த்துட்டாங்க. எங்க கல்லுல என்ன இருக்குன்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்ல.

அதனால குவாரியில ஒவ்வொரு தடவை புது இடத்துல வெட்ட ஆரம்பிக்கும்போதும் கல்லை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வரைக்கும் டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை எங்க கண்ணுல படுற மாதிரி ஒட்டச் சொல்லுங்க. மூட்டை பிடிக்கிற இடத்துல தூசை உறிஞ்சுற ஹூடும் அதை வடிகட்டுற பேக் ஃபில்டரும் கண்டிப்பா வேணும், மாஸ்க் மட்டும் குடுத்து கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்க விடாதீங்க. குவாரில தண்ணி விட்டு துளை போடணும், மில்லுல பெருக்குறதுக்கு பதிலா வேக்யூம், வேலை முடிஞ்சா குளிச்சு துணி மாத்த இடம், வருஷா வருஷம் நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் டெஸ்ட்டும், காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் சேர்த்து.

ஆய்வுக்கு வரும்போது தயவுசெஞ்சு முன்கூட்டி சொல்லாம, மில் ஓடி மூட்டை பிடிக்கிற நேரமா பாத்து வாங்க ஐயா, தூசு அளக்குற கருவியை மூட்டை பிடிக்கிறவர் காலர்லயே மாட்டி அளந்து பாருங்க.

இப்படிக்கு,
டால்க் குவாரி, மில் தொழிலாளர்கள்