21 நாள் ஊசி

பாம்பன்,
மே 18

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

போனில் "ம்", "சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதான் எழுதுகிறேன். தடைக்காலம் ஜூன் 14 வரை. விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கின்றன, எனக்கும் வேலையில்லை. தங்கச்சி பிளஸ் டூ பாஸ். மார்க்கை அவளே சொல்லுவாள்.

இதய வால்வு ஆபரேஷன் முடிந்த பத்தாவது வாரமே வேலையில் சேர்ந்துவிட்டான் என்று கடற்கரையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னது நான்தான். அதற்காகத் தண்ணீர் கேனைத் தூக்குவாயா? நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, மூன்று மாதத்துக்குக் கனம் கூடாது என்று சொன்னார்களே. மருமகளைக் கோபிக்காதே, நான்தான் துருவிக் கேட்டேன். கீரையையும் அடியோடு விட்டுவிட்டாயாம். விடச் சொல்லவில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு வாரம் அள்ளித் தின்று மறுவாரம் விட்டால்தான் ரத்தம் உறையாமல் இருக்க நீ சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரையின் கணக்குத் தப்பும். ரத்த டெஸ்ட் எடுத்தாயா?

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி, மானிட்டரில் சீராகப் போன கோடு திடீரென்று தாளம் தப்பி ஓடியது. துடிப்பு 140, 160. பலருக்கும் வருவதுதான் என்றாள் நர்ஸ். இதயத்தின் மேலறை ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கினால் ரத்தம் தேங்கி உறையும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். உனக்கு வைத்த மெட்டல் வால்விலும் உறையும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். உனக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நான் கடைசியாகப் பார்த்த சீட்டில் 1.6. அதற்குப் பிறகு சீட்டையே காணோம்.

இங்கே நீ படுத்திருந்தபோது உன் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்கும். அம்மா கடிகாரம் என்று நினைத்து பேட்டரியைக் கழற்றினாள். அப்புறமும் கேட்டது. கடிகாரம் இன்னும் அப்படியேதான் தொங்குகிறது.

டெஸ்ட் பற்றிக் கேட்டால் "எடுத்தாச்சுப்பா" என்கிறாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

பதினோரு வயதில் உனக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, அது திரும்பத் திரும்ப வந்தால் இதய வால்வு கெடும் என்று 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். போட்டால் இரண்டு நாள் உட்கார முடியாமல் அழுவாய். ஒருநாள் ராமநாதபுரம் போயும் ஊசி போடாமல் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கிக் கொடுத்து, "அம்மா கேட்டா போட்டாச்சுன்னு சொல்லு" என்றேன். ஒருநாள் என்றா எழுதினேன்? ஆறேழு தடவை இருக்கும். பிறகு கடலுக்குப் போகிற நாள் வீணாகிறது என்று அந்தப் பக்கம் போவதையே விட்டேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர், "சின்ன வயசில் ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டீர்களா?" என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "ஒண்ணுகூடத் தவறலை சார்" என்றாள். நான் தலையாட்டினேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை டெஸ்ட் எடு. சீட்டைப் போட்டோ பிடித்து எனக்கு அனுப்பு. வாயால் சொல்ல வேண்டாம், சீட்டு வேண்டும்.

பரோட்டா விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும், நீ முந்திக்கொள்ளாதே.

அப்பா