ராஜிக்கு, அந்த டப்பாக்களைப் பற்றி

அன்புள்ள ராஜி,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. மறதி நோயோடு மனம் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு இந்த டப்பாக்களில் உள்ள சத்து மாத்திரைகள் உதவுமா என்று கேட்டிருந்தாய். இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அதனால் வீட்டில் டிவிக்கு ஊரடங்கு. என் முழங்காலைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது, விடு.

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் படித்தேன். மருந்தகத்திலேயே காலம் தள்ளியவளுக்கு அந்தப் பழக்கம் போகுமா? மீன் எண்ணெய், வைட்டமின் டி, ஜிங்கோ என்ற மர இலைச் சாறு, ஃபோலிக் அமிலம், செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. பெரியவன் அமெரிக்காவிலிருந்து ஆசையாக அனுப்பியிருக்கிறான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. ஆனாலும் சைவ வீட்டுக்கு மீன் எண்ணெய் அனுப்ப அவனுக்குத் தனி தைரியம்தான். அண்ணன் அதைக் கடித்து, வேட்டியெல்லாம் எண்ணெயாகத் துப்பினார் என்று எழுதியிருந்தாய். மறதி நோயில் விழுங்குவதே சிரமமாகும். அவ்வளவு பெரிய கேப்சூல் இனி வேண்டாம்.

இரண்டு டப்பாவை இன்றே எடுத்துப் பூட்டி வை. ஒன்று ஜிங்கோ. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அண்ணன் ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறார், அவற்றோடு இதுவும் சேர்ந்தால் ரத்தம் கசியும் அபாயம் கூடும். மறதியைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 3,069 பேருக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து, தடுக்கவில்லை என்று 2008-லேயே எழுதிவிட்டார்கள். இன்னொன்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மூலிகைதானே என்று நினைக்காதே. மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த செர்ட்ராலினோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆளையே புரட்டிப் போட்டுவிடும்.

வைட்டமின் டி, மீன் எண்ணெய் இரண்டையும் ஐம்பது தாண்டிய 18,000-க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். மனச்சோர்வு வராமல் தடுக்க இரண்டும் உதவவில்லை. அவர்கள் மறதி நோயாளிகள் இல்லை என்பது சரி. ஆனால் மறதி நோயாளிகளின் மனச்சோர்வுக்கு மருந்துகளே தடுமாறுகின்றன. 2011-இல் இங்கிலாந்தில் செர்ட்ராலினையும் மிர்டாசபினையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக நீயாக எதையும் நிறுத்திவிடாதே, டாக்டரிடம் கேள்.

எனக்கு உறுத்துவது வேறு. அண்ணன் பிறவிச் சைவம். சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்துக்குக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல். இந்த மூன்றுமே உடம்பில் பி12-ஐக் குறைப்பவை. பி12 குறைந்தால் மனம் சோரும், மறதி கூடும், பாதம் எரியும். பாதம் எரிகிறது என்று அவர் சொன்னதைச் சர்க்கரை தலையில் போட்டுவிட்டீர்கள். ரத்தத்தில் பி12, தைராய்டு இரண்டும் பார்த்தார்களா? பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் இருக்கும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். குறைவு இருந்தால் ஊசி போட்டு நிரப்பலாம், மலிவான சமாச்சாரம். போன ஞாபகமெல்லாம் திரும்பிவிடும் என்று மட்டும் கணக்குப் போடாதே. குறைவே இல்லாதவருக்கு எத்தனை டப்பா கொட்டினாலும் மனம் எழுந்து உட்காராது.

அப்புறம், அவர் சும்மா உட்கார்ந்திருப்பதெல்லாம் சோகமா என்றும் கவனி. அழுகிறாரா, ‘நான் இருந்து என்ன’ என்கிறாரா, சாப்பாட்டைத் தள்ளுகிறாரா, விடியற்காலையில் விழித்துக்கொள்கிறாரா? எதுவும் இல்லாமல் வெறுமனே ஆர்வம் விட்டுப்போயிருந்தால் அது மறதி நோயோடு வரும் இன்னொன்று, அதற்கு வைத்தியம் வேறு. இந்த நோயில் டாக்டர் கூட இருப்பவரைத்தான் அதிகம் விசாரிப்பார். அதனால் ஒரு வாரம் நோட்டில் குறித்து வை. பல்வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பார், சொல்லத் தெரியாமல் முடங்கியிருக்கலாம்.

பேங்க்கில் காசாளராக இருந்தவர்தானே? ஒரு கிண்ணம் சில்லறையைக் கொடுத்து, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பிரித்து அடுக்கச் சொல்லிப் பார். தப்பாக அடுக்கினால் திருத்தாதே. பக்கத்தில் உட்கார்ந்து பழைய மேனேஜர் கதையைக் கேள். முடிந்தால் சாயங்காலம் தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப் போ.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ, பெயரை மட்டும் சொன்னால் போதாது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. நீ ராத்திரி தூங்குகிறாயா என்று ஒரு வரிகூட எழுதவில்லை, அதையும் எழுது. பரீட்சை முடிந்ததும் நான் வந்து நாலு நாள் இருக்கிறேன், நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் வா.

அன்புடன்,
மல்லிகா