சும்மாவா புடிப்பாங்கன்னு கேக்குறவங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சொஸ்மாங்கிற மலேசிய பாதுகாப்புக் குற்றச் சட்டத்துல புடிபட்ட கைதிங்க குடும்பம் பத்தி உங்க பேப்பர்ல வந்த நியூஸ படிச்சிட்டு இங்க சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில ஒரே பேச்சு, பாதி பேர் சொல்றது "ஒன்னும் செய்யாமலா போலீஸ் புடிக்கும்?"

மத்த ஊர்க்காரன் கேட்டாகூட பரவால்ல. 1948 ஜூன்ல இங்க தோட்டத்து வெள்ளக்கார துரைங்க மூனு பேர சுட்ட பெறகுதான் எமர்ஜென்சியே வந்துச்சு, விசாரணை இல்லாம ஆயிரக்கணக்குல உள்ள வச்சாங்க, அப்புறம் 1960ல அதே மாதிரி விசாரணை இல்லாம உள்ள வைக்கிற ஐஎஸ்ஏ சட்டம். அவ்ளோ ஏன், 2011ல அப்ப நம்ம எம்பியா இருந்த டாக்டர் ஜெயகுமாரையே எமர்ஜென்சி ஆர்டினன்ஸ்ங்கிற அவசரச் சட்டத்துல புடிச்சி கிட்டத்தட்ட ஒரு மாசம் வச்சிருந்தாங்களே, அப்ப யாராச்சும் "சும்மாவா புடிப்பாங்க"ன்னு கேட்டீங்களா?

2012ல ஐஎஸ்ஏ போயி சொஸ்மா வந்துச்சு. 28 நாள் வரைக்கும் மாஜிஸ்திரேட் முன்னுக்கு நிறுத்தாமலே போலீஸ் வச்சிக்கலாம், லோயர பாக்குறத 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். கோர்ட்டுக்குப் போனாலும் பொம்பளைங்க, 18 வயசு ஆவாதவங்க, நோயாளிங்க தவிர யாருக்கும் ஜாமின் இல்லன்னு 13வது பிரிவு. 2019 அக்டோபர்ல புலிகள் தொடர்புன்னு 12 பேர புடிச்சாங்க, ரெண்டு சட்டமன்ற உறுப்பினரும் அதுல, தீபாவளியே உள்ளதான். அந்த கேஸ்லதான் ஐகோர்ட்டு 13வது பிரிவே அரசியலமைப்புக்கு ஒத்து வராதுன்னு சொல்லிச்சு. 2020 பிப்ரவரியில கேஸையே வேணாம்னு விட்டாங்க, அவங்க உள்ள கெடந்த மாசங்களுக்கு யார் பதில் சொன்னா?

எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒரு அக்கா, செம்பனை தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்குறவங்க, மகன் கேங் கேஸ்ல சொஸ்மாவுல இருக்கான். பாக்கப் போனா அன்னிக்கி சம்பளம் போச்சு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்குறவன்கிட்ட போன்ல பேசிட்டு வரணும். அவன் செஞ்சானா இல்லையா எனக்கு தெரியாது, அத கோர்ட்டுதான் சொல்லணும், ஆனா கோயில் உபயத்துல இருந்து அந்தக் குடும்பத்து பேர இப்பவே தூக்கிட்டாங்க நம்ம ஆளுங்க. கேங்ஸ்டர அவுத்து விடுங்கன்னு சொல்லல சார், சீக்கிரம் விசாரிங்க, ஜாமின் குடுக்குறதா வேணாமான்னு நீதிபதி முடிவு பண்ணட்டும், அவ்ளோதான்.

அந்த 28 நாள் பிரிவ நீட்டிக்கிற தீர்மானம் 2022 மார்ச்ல நாடாளுமன்றத்துல 84க்கு 86ன்னு தோத்துச்சு, ஜூலையில மறுபடி கொண்டாந்து அஞ்சு வருஷம் நீட்டிட்டாங்க. 2027 ஜூலையில அந்த கெடு முடியும். மறுபடி ஓட்டெடுப்பு வந்தா எந்த எம்பி எந்த பக்கம், யாரு அன்னிக்கி சபைக்கே வரலன்னு ஒவ்வொருத்தர் பேரையும் உங்க பேப்பர்ல போடுங்க சார்.

இப்படிக்கு,
வாசகன், சுங்கை சிப்புட், பேராக்