கோழிகளுக்காகப் பனியில் நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் கொல்லைக் கோழிகளைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

சரியாகக் குளிர் தொடங்கும் நேரம் பார்த்து என் கால் முறிந்தது. மாவுக்கட்டோடு பனியில் நடக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோழிக்கு அதெல்லாம் புரியுமா? விடிந்தால் இரையும் தண்ணீரும் வேண்டும், இருட்டினால் யாராவது கதவைச் சாத்த வேண்டும். இரண்டையும் நீங்கள் செய்தீர்கள். நேரில் நன்றி சொன்னால் "அட, விடுங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் இந்த மடல்.

முதலில் எதிர்வீட்டு அக்கா. கோழி தின்னும் இரையின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். முட்டையிலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். தண்ணீர் உறைந்துபோனால் கோழி இரை எடுப்பதும் குறையும், முட்டையும் நின்றுவிடும். அக்கா இரண்டு ரப்பர் கிண்ணங்களை வைத்துக்கொண்டு சமாளித்தார். ஒன்று கூட்டில், மற்றொன்று அவர் வீட்டுக்குள். உறைந்ததைக் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி வட்டமாகக் கழன்று விழும், கிண்ணம் உடையாது. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வேலிக்குப் பக்கத்தில் அந்த வட்டங்களை வரிசையாக அடுக்கியே வைத்திருந்தார். முட்டையையும் மாலை வரை விட்டுவைக்காமல் நண்பகலிலேயே எடுத்துவிடுவார், உள்ளே உறைந்து ஓடு விரிசல் விடாமலிருக்க. அக்கா, உங்கள் கைவிரல் வெடிப்பெல்லாம் ஆறிவிட்டதா?

அடுத்தது தச்சர் அண்ணன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர் கூட்டுக்குள் நுழைந்த நாளில் ஒரு சண்டையே நடந்தது.

குளிர் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இடுக்கெல்லாம் அடை, விளக்கைப் போட்டுச் சூடேற்று. பெரியப்பா பழைய கம்பளிகளோடு வந்து நின்றார். அண்ணன் எதுவும் பேசாமல் கூட்டுக்குள் கோழி உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தார். "மூக்கு கரிக்குது. நீங்களும் உட்கார்ந்து பாருங்க" என்றார். பெரியப்பாவும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா அது, நாம் நிற்கும் உயரத்தில் அவ்வளவாகத் தெரியாது. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதோடு இறகுப் போர்வையும் உண்டு. உலர்ந்த குளிரை அது தாங்கும். அதை வீழ்த்துவது ஈரம். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மூச்சிலும் ஈரம். எல்லாவற்றையும் உள்ளே அடைத்து வைத்தால் விடியலில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் உறைபனி படியும். அதே ஈரம் கொண்டையிலும் படியும்.

அண்ணன் கீழ் இடுக்குகளை மட்டும் அடைத்தார். கூரைக்குக் கீழே, கோழிகள் உட்காரும் கட்டைக்கு மேலே, இரண்டு பக்கமும் திறப்பு வைத்துக் கம்பிவலை அடித்தார். காற்று தலைக்கு மேலே போய்விடும், கோழி மேல் வீசாது. உருளைக் கட்டையைக் கழற்றிவிட்டுத் தட்டையான அகலப் பலகை போட்டார். அதில் உட்கார்ந்தால் கோழியின் விரல்கள் வயிற்று இறகுக்குள் மறைந்துவிடுகின்றன. சூட்டு விளக்கை மட்டும் அவர் தொடக்கூட இல்லை. உலர்ந்த மரச்சீவலும் தூசியும் இறகும் உள்ள இடத்தில் அந்த விளக்கு ஒருமுறை கழன்று விழுந்தால் போதும். இந்த விஷயத்தில் நான் முழுக்க அண்ணன் கட்சி. பெரியப்பாவுக்கும் நன்றி: கம்பளியைத் திரும்ப எடுத்துப் போனவர், மறுநாளே வைக்கோல் கட்டுகளோடும் மரச்சீவல் மூட்டைகளோடும் வந்தார். ஈரமான இடத்தில் புதிதாகச் சீவல் தூவிக் கிளறிவிடும் வேலையைக் குளிர் முடியும்வரை அவரே பார்த்துக்கொண்டார்.

வெள்ளை லெகார்னுக்கு மட்டும் கொண்டை நுனி கறுத்துவிட்டது. அந்த இனத்துக்குக் கொண்டை பெரிது, கடுங்குளிர் முதலில் அதைத்தான் பிடிக்கும். இரவு நேரத்தில் போனை எடுத்த கால்நடை மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. தேய்க்காதீர்கள், நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், கறுத்த நுனியை வெட்டவும் வேண்டாம், அதுவாக உதிரும் என்றார். அப்படியே உதிர்ந்தது. இப்போது அது கொஞ்சம் மொட்டையான கொண்டையோடு அதே திமிரில் உலவுகிறது.

நடுக்குளிரில் முட்டை அநேகமாக நின்றேபோனது. அதற்காக என்னிடம் வருத்தப்பட்டவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், குறை உங்கள் கவனிப்பில் இல்லை. நாளுக்கு 14 மணி நேரத்துக்குக் குறையாத வெளிச்சம் கிடைத்தால்தான் கோழி நன்றாக முட்டையிடும். பகல் குறுகும்போது பழைய இறகை உதிர்த்துப் புதிது போர்த்திக்கொள்ளும். இறகில் பெரும்பகுதி புரதம் என்பதால் தின்பதெல்லாம் அதற்கே போகும். விடியற்காலையில் தானாக எரியும் விளக்கு வைக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். வைப்பவர்கள் இருக்கிறார்கள், தப்பில்லை. எனக்கு அவை ஓய்வெடுப்பதுதான் பிடித்தது. பகல் நீண்டதும் தாமாகவே மறுபடி தொடங்கிவிட்டன.

ஆனால் என் கோழிகளில் பாதி கிழடு. வருடம் ஏற ஏற முட்டை குறையும் என்பதால் இந்த வசந்தத்தில் புதிதாகக் குஞ்சு வாங்க வேண்டியிருந்தது. கட்டு பிரித்திருந்தாலும் எனக்கு வண்டி ஓட்டத் தைரியம் வரவில்லை. பொரிப்பகத்துக்குப் போய், பொரிந்து ஒரே நாளான குஞ்சுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் கடைசி வீட்டுக் கல்லூரி மாணவி. வழியெல்லாம் தண்ணீர் இல்லையே என்று தவித்துப்போயிருக்கிறார். பொரிவதற்குச் சற்று முன் மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாள் குஞ்சுக்கு அதுவே போதும். வீடு வந்ததும் ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டியதும் அவர்தான். கோழிகளை முடக்கிப்போடும் மேரெக் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று மறக்காமல் கேட்டு வந்தாரே, அதற்குத் தனி நன்றி.

அப்புறம் பாட்டி. உங்கள் அடைக்கோழியை இரவல் கொடுத்தீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்! இருட்டிய பிறகு நீங்களே வந்து, கோழியின் வயிற்றுக்கடியில் கைவிட்டு, பொய்முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து அந்த இடத்தில் குஞ்சை வைத்தீர்கள். கோழி ஒரு தரம் உறுமியது. பிறகு அடித்தொண்டையில் கொக்கொக்கென்று பேச ஆரம்பித்தது. "ஏத்துக்கிச்சு, போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டு நீங்கள் நடையைக் கட்டிவிட்டீர்கள். காலையில் பார்த்தால் சிறகிடுக்கிலிருந்து தலைகள் எட்டிப் பார்க்கின்றன.

அதன் சிறகுக்குள் அடங்காத மற்ற குஞ்சுகள் எங்கள் வீட்டு அட்டைப்பெட்டியில் வளர்ந்தன. முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைக்க வேண்டும். அக்காவின் பிள்ளைகள் வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்: ஒன்றின்மேல் ஒன்று ஏறி முண்டினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு. ஒரு குஞ்சுக்கு எச்சம் காய்ந்து ஆசனவாய் அடைத்துக்கொண்டது. எட்டு வயதுப் பெண் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, இழுக்காமல், ஊறவைத்து ஊறவைத்து எடுத்தாள். பெரியவர்களுக்கே அந்தப் பொறுமை கிடையாது. குஞ்சுக்கு முத்தம் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதற்கு அழுத சின்னவனுக்கும் நன்றி, அழுதாலும் கழுவினான். நம் வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி அழகான குஞ்சிலும் இருக்குமே.

இப்போது எல்லாவற்றுக்கும் இறகு முளைத்துவிட்டது. கூட்டை அண்ணன் கம்பிவலையால் இரண்டாகப் பிரித்துத் தந்திருக்கிறார். பெரியவை வலைக்கு அந்தப்பக்கம் நின்று முறைக்கின்றன, கொத்த முடியவில்லை. குஞ்சுகளும் அளவில் ஈடுகொடுக்கும் வரை வலை இருக்கட்டும். ஒரு வேண்டுகோள்: யார் இரை வைத்தாலும் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுப் பக்கம் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனம் நீல வாளியில் இருக்கிறது.

புதியவை முட்டையிட ஐந்து மாதமாவது பிடிக்கும், முதல் முட்டைகள் சிறியதாகத்தான் இருக்கும். அதுவரை பழைய கோழிகளின் முட்டைதான். அக்காவுக்கும் பாட்டிக்கும் முதல் பங்கு, மற்றவர்களுக்கு முறை வைத்துக்கொள்ளலாம். நான் இப்போது நன்றாக நடக்கிறேன், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன். காலி முட்டை அட்டை இருந்தால் மட்டும் எடுத்து வையுங்கள்.